தம்பியிடம் கேட்காத கேள்வி

என் தம்பிக்குக் கணையத்தில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து எடுத்த இரண்டாம் வருடம், நுரையீரலில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"மறுபடி ஆபரேஷன் எல்லாருக்கும் சரிவராது. இவருக்கு ரெண்டே இடத்துலதான் இருக்கு, எடுத்துப் பார்க்கலாம். அவரைக் கேட்டுச் சொல்லுங்க."

நான் கேட்கவில்லை. முதல் ஆபரேஷனையே வெறும் கட்டி என்றுதான் அவனிடமும் அவன் மனைவியிடமும் சொல்லிவைத்திருந்தோம். மறுபடி கத்தி பட்டால் பரவும் என்று நானே முடிவுகட்டி, "வேணாங்க" என்றேன்.

வெளியே தம்பி, "இன்னாண்ணா சொன்னாரு?" என்றான்.

"சளிதான்டா."

"அப்ப இந்த வருசம் கரும்பு நடலாமா?"

"நடுடா."

கரும்பு இடுப்பளவு வளர்ந்தபோது அவனுக்கு இருமலில் ரத்தம் வந்தது. இந்த முறை டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "அன்னிக்கே எடுக்கலாம்னேன். ஏன் வேணாம்னீங்க? இப்ப ரொம்பப் பரவிடுச்சு."

தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான்தாங்க வேணாம்னேன். பயமா இருந்துச்சு" என்றான்.

ஊர் திரும்பும் கச்சிராயபாளையம் பஸ்ஸில் இருவருக்கும் அவனே டிக்கெட் எடுத்தான். பிறகு சொன்னான்: "கேட்டிருந்தா நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பனோ இன்னாவோ. ஆனா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ணா."

அந்தக் கரும்பு வெட்டுக்கு வந்தபோது அவன் இல்லை. எப்போது வெட்டலாம் என்று ஆட்கள் என்னிடம்தான் வந்து கேட்டார்கள். வாய்வரை வந்த பதிலை விழுங்கினேன்.

"என்னை ஏம்ப்பா கேக்குறீங்க? அவன் பொண்டாட்டியக் கேளுங்க."