இடைவிடாத இருபது வருடமும் ஒரு ஓப்சைட் கொடியும்

உதைபந்தாட்ட லீக்கின் செயலாளர் என்பவர், ஆட்டம் நடக்கும்போது மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரே ஆள். பிரதம விருந்தினர் வந்துவிட்டாரா, ஒலிபெருக்கிக்காரர் எங்கே, சோடா போதுமா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய தொழில். மன்னாரில் நான் செயலாளராக இருந்த காலத்தில் விழுந்த கோல்களில் பாதியைச் சத்தத்தை வைத்துத்தான் அறிந்துகொண்டேன். பகலில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞர். மிச்ச நேரமெல்லாம் லீக். கோயில் சபையிலோ பழைய மாணவர் சங்கத்திலோ, 'நீங்கள்தான் வடிவாய் எழுதுவீங்கள்' என்று சொல்லி ஒரு பொறுப்பைத் தலையில் கட்டிவிடப்பட்ட வாசகர்களுக்கு என் பாடு விளங்கும்.

சண்டை ஓய்ந்து, இந்தியாவின் மண்டபம் முகாமிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் சனம் திரும்பிக்கொண்டிருந்த நேரம். வீடு எழும்ப முதல் மைதானம் எழும்பிவிட்டது. லீக்கை மறுபடி நடத்தத் தொடங்கிய இரண்டாம் வருடம், கூட்டத்தில் யாரோ ஒருவர் பழைய ஆட்களைக் கௌரவிக்க வேண்டும் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டி முடிந்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

படிவம்

கச்சேரிக்காரன் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் முதலில் படிவம்தான் வரும். கந்தோரில் கிடந்த ஒரு சேவைப் படிவத்தைப் பார்த்து, அரசாங்கச் சேவை என்று இருந்த இடங்களில் உதைபந்தாட்டச் சேவை என்று மாற்றி, அன்றைக்கே அச்சடித்து ஊர் ஊராக அனுப்பிவிட்டேன். அதில் மூன்றாவது கேள்வி: 'இடைவிடாத இருபது வருடச் சேவை உண்டா? இடைவெளி இருப்பின் காரணம் தருக.' அந்த வரியை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

படிவங்கள் திரும்பி வந்தன. பாவங்கள், ஒரு பொய் இல்லாமல் நிரப்பியிருந்தார்கள். ஒருவர் காரணம் என்ற இடத்தில் 'மண்டபம்' என்று ஒற்றைச் சொல் எழுதியிருந்தார். இன்னொருவர் இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதி, அதுவும் போதாமல் பிள்ளையின் கொப்பியில் இரண்டு தாளைக் கிழித்து இணைத்திருந்தார். எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது: என் நிபந்தனைப்படி இந்த மாவட்டத்தில் கௌரவிக்கத் தகுதியான ஆள் ஒருவர்கூடக் கிடையாது. வெட்கமாகப் போய்விட்டது. ஓய்வுபெற்ற மத்தியஸ்தர் சவிரிமுத்து மாஸ்டரிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். அவர் படிவத்தைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்:

"இடைவிடாமல் நிண்டதெண்டா, தம்பி, கோல் கம்பம் மட்டும்தான் நிண்டது. அதிலயும் ஒண்டை ஆரோ விறகுக்குக் கொண்டு போயிட்டினம்."

பிலோமினா அக்காவின் வலை

மூன்றாவது கேள்வியைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, படிவத்தை நம்பாமல் நானே வீடு வீடாகப் போவதென்று முடிவெடுத்தேன். பலபேர் சொன்ன முதல் பெயர் பிலோமினா அக்கா. எங்கள் பக்கத்தில் கோல் வலையைக் கடையில் வாங்குகிற வழக்கம் இருக்கவில்லை. கடலுக்கு உதவாமல் போன மீன்வலைகளை வெட்டி, ஒட்டி, கம்பத்தின் அளவுக்குத் தைத்துக் கட்டுவோம். இடப்பெயர்வுக்கு முன் லீக்கின் அத்தனை வலைகளையும் தைத்தவர் இந்த அக்காதான். நான் போனபோதும் முற்றத்தில் கால் நீட்டி இருந்து வலைதான் தைத்துக்கொண்டிருந்தார், இது மீனுக்கு.

உங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டேன். அறிமுகக் குறிப்பில் போட ஒரு வரி வேண்டுமே. ஒரு மட்ச்சும் பார்த்ததில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்காத விளையாட்டுக்கு எதற்காக இத்தனை வருடம் தைத்தீர்கள் என்று கேட்டேன். கேட்டார்கள், தைத்தேன் என்றார். பிறகு ஊசியை நிறுத்திவிட்டு, ஒரேயொரு தரம் மட்டும் மனதுக்குக் கஷ்டமாய்ப் போனது என்றார். இடப்பெயர்வுக்கு முன் நடந்த கடைசி இறுதியாட்டம். அதற்கென்றே பழசு கலக்காத புது நூலில் தைத்துக் கொடுத்தாராம்.

"என்ர புது வலைக்குள்ள பந்து போனதெண்டு ஊரே கத்திச்சுது. பிறகு வந்து, போகேல்லை எண்டு சொல்லுறாங்கள். போன பந்து எப்பிடித் தம்பி போகாமல் விடும்?"

தேத்தண்ணிக் கடைச் சாட்சிகள்

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒரு கதையை அரைகுறையாகக் கேட்டால் சோறு இறங்காது. விசாரித்தேன். அந்த இறுதியாட்டத்தில், ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற நேரம், தீவுப் பக்கத்து அணியின் ஜோர்ஜ் இடது காலால் அடித்த பந்து வலைக்குள் போனது. பந்து வர முதலே ஜோர்ஜ் கடைசிப் பின்கள வீரனைத் தாண்டி நின்றார் என்று லைன்ஸ்மன் காதர் நானா கொடியைத் தூக்கியிருந்தார். ஓப்சைட். கோல் இல்லை என்றாகி, பிறகு அந்த அணி தோற்றும் போனது. அடுத்த நாளே பிரச்சினை தொடங்கிப் பாதைகள் மூடிவிட்டன. ஜோர்ஜின் ஊர் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனது. சில மாதங்களில் காதர் நானாவின் முஸ்லிம் சனத்தையும் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். அவர்கள் புத்தளம் போனார்கள். இருபது வருடத்துக்கு மேலாயிற்று. கேட்ட இடமெல்லாம், ஆட்டத்தின் முடிவைச் சொல்லத் தடுமாறினார்கள். ஜோர்ஜ் எந்த இடத்தில் நின்றார் என்பதை மட்டும் அடி கணக்காகச் சொன்னார்கள்.

திருக்கேதீஸ்வரம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் வாயைத் திறந்து இதைக் கேட்டது என் பிழைதான். ஒருவர் சீனிப் போத்தலைக் கோல்காப்பாளராகவும், இரண்டு கிளாசுகளைப் பின்கள வீரர்களாகவும் வைத்து விளக்கினார். மற்றவர் கிளாசைத் தள்ளி வைத்தார். முதலாமவர் இழுத்து வைத்தார். என்னுடைய பிளேன்ரீயும் அணியில் சேர்க்கப்பட்டதால் எனக்குக் குடிக்கக் கிடைக்கவில்லை. எல்லாரையும்விட உரத்துப் பேசியவர் முகாமிலிருந்து திரும்பி வந்து மேசன் வேலை செய்கிறவர். அவரைப் பார்த்தால் இருபது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. மட்ச்சை எங்கே நின்று பார்த்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் பிறந்தது மண்டபத்தில, அண்ணை. ஆனா அது கோல்தான்."

மறிச்சுக்கட்டியில் ஒரு நிபந்தனை

காதர் நானா உயிரோடு இருக்கிறார், முசலிப் பக்கம் மறிச்சுக்கட்டியில் திரும்பிக் குடியேறிவிட்டார் என்று தெரிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மாவட்டத்தின் தெற்கு எல்லை. தெருப் புழுதி முழுவதும் என் சேட்டில் இருந்தது. நானா மெலிந்த, நிமிர்ந்த மனிதர். பாதி எழும்பின வீட்டுக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தி, தண்ணீர் தந்தார். பதினேழு வருடம் கோட்டோரம் ஓடியவர். லீக்கில் அவரளவு காலம் கொடி பிடித்தவர் வேறு யாரும் இல்லை. கௌரவிப்பு என்றதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வரமாட்டேன் என்றார். அந்த ஜோர்ஜ் வந்து நேரில் ஒரு சொல் சொன்னால் மட்டும் வருவேன் என்றார். என்ன சொல் என்று கேட்டேன்.

ஆயிரம் தரம் கொடி தூக்கியிருப்பாராம். பிழையாகத் தூக்கினால் அடுத்த நாள் சந்தையில் வைத்து ஏசுவார்களாம். அவரும் திருப்பி ஏசுவாராம். பிறகு ஒன்றாக நின்று தேத்தண்ணீர் குடிப்பார்களாம். "இதுக்கு மட்டும்தான், மகன், அடுத்த நாள் எண்டு ஒண்டு வரல்ல" என்றார். ஆறுதல் சொல்லப் பழகாதவன் நான். படிவத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே சொன்னார்:

"நான் பிழை விட்டிருக்கலாம், அது பரவால்ல. வேற ஊரான், வேற மார்க்கத்தான், வேணுமெண்டே தூக்கினான் எண்டு அவங்க நினைச்சுக்கொண்டு போயிட்டாங்களோ? அது தெரியாம எனக்குப் பொன்னாடை எதுக்கு?"

வெள்ளாங்குளத்தில் ஒரு உண்மை

ஜோர்ஜ் இருந்ததோ மாவட்டத்தின் மற்றத் தலைப்பில், வெள்ளாங்குளத்தில். முகாமிலிருந்து வந்து மனைவியின் காணியில் தோட்டம் செய்துகொண்டிருந்தார். ஒருவருக்கொருவர் கோபித்துக்கொண்ட மாதிரி இப்படி இரண்டு எல்லையில் போய்க் குடியேறியிருக்கிறார்களே என்று வழியெல்லாம் புறுபுறுத்துக்கொண்டு போனேன். இடுப்பு பெருத்து, முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தார் அந்தக் காலத்து இடது கால் வீரர். நானா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். மனைவி கிணற்றடிக்குப் போகும்வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு அடி வெளியேதான் நின்றேன், சுத்தமான ஓப்சைட் என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில், விழாவில் ஒலிவாங்கியில் அதைச் சொல்லிவிடுங்கள் என்றேன். மனிதர் பதறிப்போனார். முகாமில் சனம் அந்தக் கோலைப் பற்றித்தான் நாள் முழுக்கக் கதைக்குமாம். பதிவு வரிசையில் நின்று கதைக்குமாம், தண்ணீர்க் குழாயடியில் கதைக்குமாம். வீட்டையும் வள்ளத்தையும் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் யாராவது அழுவார்களாம். கோலைப் பற்றிக் கதைத்தால் சண்டை பிடித்துவிட்டுப் போய்ப் படுப்பார்களாம். 'அது கோல் இல்லையெண்டு இப்ப நான் எப்பிடிச் சொல்லுறது?' என்று என்னையே கேட்டார். வருவேன், ஆனால் மேடையில் இதைப் பேசமாட்டேன் என்றார். அப்படியானால் நானாவிடம் நான் என்னதான் போய்ச் சொல்வது என்று கேட்டேன்.

"கண் தெரியாதவர் எண்டு இருபது வருசமாத் திட்டினனாங்கள். கள்ளன் எண்டு ஒருத்தரும் ஒருநாளும் சொல்லேல்லை. அதை முதல்ல சொல்லுங்கோ. மிச்சத்தை நான் வந்து சொல்லுறன்."

கடைசிப் பின்கள வீரன்

விழா பின்னேரம் நாலு மணிக்கு. ஜோர்ஜ் சொல்லச் சொன்னதைச் சொல்லி, நானாவை இரண்டு மணிக்கே வரச்சொல்லியிருந்தேன். ஜோர்ஜ் அதற்கு முன்னமே வந்துவிட்டார். கதிரை அடுக்குகிறவர்கள் சாப்பிடப் போயிருந்ததால் மைதானத்தில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருமில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கட்டிப்பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஜோர்ஜ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேரே கோல் பக்கம் நடந்தார். நானா சாரத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டு கோட்டோரம் போய் நின்றார். என்னை ஒரு இடத்தில் நிறுத்தி, நீதான் கடைசிப் பின்கள வீரன், அசையாதே என்றார்கள். செயலாளராக இருந்த காலத்தில் மைதானத்துக்கு நான் முகத்தைக் காட்டி நின்றது அந்த ஒரு நாள்தான்.

ஜோர்ஜ் என்னைத் தாண்டி, இரண்டு அடி முன்னால் போய் நின்றார். ஒரு அங்குலம் குறைத்துக்கூட நிற்கவில்லை. திரும்பி நானாவைப் பார்த்தார். நானா தோளில் கிடந்த லேஞ்சித் துணியை எடுத்து, கையை நேராக நீட்டித் தூக்கினார். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று துடைத்துக்கொண்டேன். ஜோர்ஜ் தலையை ஆட்டிவிட்டு நொண்டி நொண்டிக் கோட்டோரம் வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"ஓம் நானா, இந்த இடம்தான். கொஞ்சம் கெதியாத் தூக்கியிருந்தா நான் அவ்வளவு தூரம் ஓடியிருக்க மாட்டன்."

ஒலிவாங்கி

இதைப் படிக்கிற நீங்கள் தீவுப் பக்கம் போனால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். விழா நன்றாக நடந்தது. பிலோமினா அக்காவுக்குத்தான் பெரிய கைதட்டல். பொன்னாடையைக் கையில் எடுத்து, நூல் நல்ல நூல்தானா என்று மேடையிலேயே இழுத்துப் பார்த்தார். ஜோர்ஜின் முறை வந்ததும், கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து யாரோ அது கோல்தானே என்று குரல் கொடுத்தார்கள். அந்த மேசன்தான் என்பது என் சந்தேகம். சனம் முழுவதும் எழும்பி நின்றுவிட்டது. ஜோர்ஜ் என்னைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார், ஒலிவாங்கியைப் பிடித்து, ஓம், கோல்தான் என்றார். மைதானம் அதிர்ந்தது.

இவ்வளவு தூரம் வரவழைத்து ஒரு பெரிய மனிதரை மேடையில் வைத்துத் தலைகுனிய விட்டோமே என்று நானாவின் கதிரைக்குப் பின்னால் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். பொன்னாடை தோளில் இருக்க, மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லட்டும் மகன், சொல்லட்டும். நாளைக்குச் சந்தையில வச்சு அவனுக்கு ஏசுறன்."

ஆக, என் படிவத்தின் மூன்றாவது கேள்வியை வெட்டினது அவசரப் புத்திதான் என்று இப்போது படுகிறது, ஏனென்றால் எங்கள் லீக்கில் இடைவிடாத இருபது வருடச் சேவை செய்த ஒன்று இருக்கத்தான் செய்தது, அந்த இல்லாத கோல்.