தானாய் முளைத்த தக்காளி

கலியம்மாளைப் போல ஒரு சந்தேகப் பிராணியைச் செலியமேட்டில் பார்க்க முடியாது. பால்காரர் ஊற்றும் பாலை விரலால் தொட்டு நக்கிப் பார்ப்பாள். எடை போட்டுக் காட்டாமல் கேஸ் சிலிண்டரை வாசல்படி தாண்ட விடமாட்டாள். புருஷன் போன பிறகு ரெண்டு காணி நிலத்தை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவள். யாரையும் நம்பாததால்தான் அதுவாவது மிஞ்சியது என்பாள். அப்பேர்ப்பட்டவளையே ஏமாற்றிவிட்டார்களே, நினைத்தாலே வயிறு எரிகிறது.

நெல் நடவுக்கு முன்னால் டிப்பர் லாரியில் கறுப்பாக ஒரு எரு வந்து இறங்கியது. இயற்கை உரம், இலவசம் என்றான் கூடவே வந்த கம்பெனி ஏஜெண்டு. இலவசம் என்றதுமே அவளுக்குச் சுருக்கென்றது. வயலில் இறைக்க விடாமல் வரப்போரம் குவிக்கச் சொன்னாள். ஒரு மழை பெய்தது. யாரும் விதைக்காத தக்காளிக் கன்றுகள் அந்தக் குவியலில் தளதளவென்று முளைத்து நின்றன. விஷமாயிருந்தால் செடி பிழைக்குமா என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். அங்கேதான் சறுக்கியது. செடி நின்ற ஓரத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வயலில் இறைத்து நட்டாள்.

வளைகாப்பு முடிந்து மகள் அர்ச்சனா தலைப்பிரசவத்துக்கு வந்தபோது தக்காளி கொத்துக் கொத்தாய்ப் பழுத்திருந்தது. தினமும் அதில்தான் ரசம், அதில்தான் தொக்கு.

அடுத்த லோடு கொண்டுவந்த டிரைவர் பாக்யராஜுக்கு ஒரு பை நிறையத் தக்காளியை நீட்டினாள். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வேணாங்க்கா."

"இன்னாடா, சும்மாதான தர்றேன்?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஏஜெண்டுகிட்ட சொல்லிடாதீங்க்கா. இது டவுன் கக்கூஸ் தண்ணிய சுத்தம் பண்ணி எடுத்த சேறு. ஜனங்க துன்ன தக்காளி விதைதான் மொளைச்சிருக்குது. கம்பெனிங்க வுடுற கெமிக்கல் தண்ணியும் அந்தச் சாக்கடைலதான் கலக்குது. இத தொட்ட கையால நாங்க சோறுகூட துன்றதில்ல."

கலியம்மாள் பையை அங்கேயே கவிழ்த்துக் கொட்டினாள். செடிகளைப் பிடுங்கி எறிந்தாள். வயல் மண்ணை அள்ளிக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்கு ஓடினாள். சத்து அருமையாக இருக்கிறது என்றார்கள். விஷம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அந்த டெஸ்ட் இங்கே கிடையாது என்றார்கள். ஸ்கேன் நன்றாக இருப்பதாக டாக்டரம்மா சொன்னதையும் அவள் நம்பவில்லை. குழந்தை சற்று நேரம் அசையாவிட்டால் மகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அறுவடையில் நெல் அள்ளிக் கொடுத்தது. எந்தப் போகத்திலும் வருஷச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பிறகே விற்கிறவள், இந்த முறை ஒரு மணி வைக்கவில்லை. கடைசி மூட்டை வரை வியாபாரி லாரியில் ஏற்றிவிட்டு, அரிசியை விலைக்கு வாங்கி வந்தாள். அதே எருவைப் போட்ட பக்கத்து நிலத்து வேலம்மாளும் வீட்டுக்கு நெல் வைக்கவில்லை. ஏனென்று இவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே அர்ச்சனா கேட்டாள்.

"நம்ம நெல்லு எங்கம்மா போச்சு?"

"வில்லியனூர் மில்லுக்குத்தான். இனிமே நீ பயப்படாம சாப்புடு."

"இந்த அரிசி எங்க வாங்கின?"

கலியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அதே மில்லில்தான் வாங்கியிருந்தாள். மகளின் முன்னாலிருந்த தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். வேறு எதைப் போடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.