அம்மை வீட்டில் ஓர் உண்ணி

என் அக்காவின் கணவர் வாழைத்தார் வியாபாரி. கொள்ளிடக் கரையில் குத்தகைக்கு ஒரு தோப்பும், அதன் காவலுக்கு ஒரு செவலை நாயும் வைத்திருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் நான் ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டில் தங்கி, திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் வந்தேன். மாலையில் நான் திரும்பும்போது மாமா வாசல்படியில் உட்கார்ந்து நாய்க்கு உண்ணி எடுத்துக்கொண்டிருப்பார். பிடுங்கியதை இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து அழுத்துவார். பட்டென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு சுகம்.

"அக்கா கொட்டாங்கச்சியில மண்ணெண்ணெய் ஊத்தி வெச்சிருக்கு. அதுல போடுங்க மாமா."

"அதுல போட்டா செத்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? நீ ஃபைலை முடிச்சா கையெழுத்துப் போடுறியா இல்லையா? இது அந்த மாதிரி."

அந்தப் பங்குனியில் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. தலைவலி மண்டையைப் பிளந்தது. பிறகு மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்பாகப் பொரிந்து, உடம்பெல்லாம் பரவியது. மாமாவின் தாயார், நான் அத்தை என்று அழைப்பவர், ஒரு தடவை பார்த்தார். விசாரணை முடிந்தது.

"ஆத்தா வந்திருக்கா."

உடனே நிலைப்படியில் வேப்பிலை ஏறியது. தாளிப்பு நின்றது. வெளியாட்களுக்குத் தடை. டாக்டருக்கும் மருந்துக்கும் முழுத் தடை. சமயபுரத்தில் ஆத்தாளே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி கிடக்கிற காலம் அது. அப்போது அவள் நம் வீட்டுக்கு வந்திருப்பது சாதாரணமா என்று அத்தை கேட்டார். அரசாங்க விதிகளை மனப்பாடம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு ஓட்டையில்லாத விதிகளை நான் எந்தத் துறையிலும் கண்டதில்லை. மேல்முறையீட்டுக்கும் வழி கிடையாது.

அதில் அத்தையின் பிடிவாதம் மட்டும் இல்லை. முன்பு அவருடைய மகள் ஒருத்திக்கு அம்மை போட்டபோது யாரோ மருந்து கொடுத்தார்கள். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னதும் ஹெட்கிளார்க் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அம்மை கண்ட வீட்டிலிருந்து வருகிறவனுக்குத் தொற்றுநோய் விடுப்பு உண்டு, அது சொந்தக் கணக்கில் கழியாது என்று விதியை நானே எடுத்துச் சொன்னேன்.

"தாராளமா போங்க. டாக்டர் சர்டிபிகேட் மட்டும் கொண்டாந்துடுங்க" என்றார்.

ஆக, அம்மை வீட்டுக்குள் டாக்டர் வரக் கூடாது. டாக்டர் வந்து பார்க்காமல் அது அம்மை வீடு ஆகாது. விதிகள் இப்படி முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் ஒரு குமாஸ்தாவுக்கு வாழ்க்கை ருசிக்கிறது.

வீட்டில் ருசிக்கிற நிலைமை இல்லை. மாமாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்துத் தார் விலை பேசினார். அதுவும் நஷ்டத்துக்கு ஒத்துக்கொண்டார். அதைக் கேட்டதும் அக்கா என்னைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவர் பொழைக்க மாட்டாருடா. எதையாவது சொல்லி டாக்டரைக் கூட்டிட்டு வா."

நான் அத்தையிடம் போனேன். "எனக்கு லீவு வேணும்னா டாக்டர் வந்து பார்த்து, அம்மைதான்னு சர்டிபிகேட் கொடுக்கணுமாம்."

"ஆத்தாளுக்கு சர்டிபிகேட் கொடுக்க அவர் யாரு?"

"ஆத்தாளுக்கு இல்ல அத்தை, எனக்கு."

கொஞ்சம் யோசித்தார். "பார்த்துட்டுப் போகட்டும். தொடக் கூடாது. மருந்துன்னு வாயத் திறக்கக் கூடாது."

அடுத்த தெருவில் இருந்த டாக்டர் யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். உத்தரவுக்குக் கீழ்ப்படியத் தெரியும். செருப்பையும் பையையும் வெளியே விட்டு, கால் கழுவிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பார்த்தார், உள்ளங்காலைப் பார்த்தார்.

"நான் தொடலைம்மா. நீங்களே அந்த வேட்டியைக் கொஞ்சம் இறக்கிக் காட்டுங்க."

இடுப்பில், பீடியால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு.

"வேட்டி முடிச்சு உராய்ஞ்ச புண்ணு" என்றார் அத்தை.

"வீட்டுல நாய் இருக்கா?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், நகச் சத்தம் உட்பட.

"உண்ணிக் காய்ச்சல்" என்றார் டாக்டர். "கடிச்சும் வரும், நசுக்குற கையில சின்னக் கீறல் இருந்தாலும் வரும். பர்மா காட்டுல இதோட பங்காளி ஒண்ணு எங்க ஆளுங்களைப் படுக்கப் போட்டுச்சு."

"அப்போ இந்த முத்து?" என்றார் அத்தை.

"முத்துன்னா தண்ணி கோத்துக்கணும். நீங்க பார்க்காததாம்மா? கோத்துச்சா?"

அத்தை மகனின் கைமேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். தட்டையாத்தான் கிடக்கு." பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ ஆத்தா வரவே இல்லையா?"

அந்தக் குரலில் நிம்மதி பாதி, அவமானம் பாதி. தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டதே.

டாக்டர் மருந்து என்ற சொல்லை உச்சரிக்காமல் என்னைப் பார்த்தார். அத்தையும் என்னைப் பார்த்தார்.

"ஆத்தா வந்த வீட்லதான் மருந்து கூடாது. உண்ணி வந்த வீட்டுக்கு என்ன தம்பி சட்டம்?"

"தனியா விதி ஏதும் இல்ல அத்தை. விதி இல்லாத இடத்துல மேலதிகாரி சொல்றதுதான்."

"அது யாரு?"

"இந்த வீட்ல நீங்கதான்."

அத்தை எழுந்து மாரியம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மகளை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "குடுக்கச் சொல்லு" என்றார். வேப்பிலையை மட்டும் எடுக்க விடவில்லை. டாக்டர் சொன்னது தப்பாக இருந்தால் ஆத்தாளுக்கு மரியாதைக் குறைவு ஆகிவிடக் கூடாது.

டைபாய்டுக்குக் கொடுக்கிற அதே கேப்ஸூலைத்தான் டாக்டர் கொடுத்தார். காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. நினைவு தெளிந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி, இவ்வளவு அடிமாட்டு விலைக்குத் தாரை விற்ற முட்டாள் யார் என்பது. அது தாமேதான் என்று அவரிடம் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை.

ஹெட்கிளார்க் தொற்றுநோய்ப் பட்டியலை விரித்தார். பெரியம்மை இருந்தது, காலரா இருந்தது, பிளேக் இருந்தது. "உண்ணியைக் காணோமே சார்" என்றார். அவ்வளவு நாளும் என் சொந்த விடுப்பில் கழிந்தன. விதிப்படி அது சரிதான்.

கடைசியில் ஒரு சிக்கல் மிஞ்சியது. ஆத்தாளை வழியனுப்ப, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை நோயாளிக்கு ஊற்றுவது வழக்கம். அண்டா தயாராக இருந்தது. வராதவளை எப்படி வழியனுப்புவது? மஞ்சள் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டவும் முடியாது. அத்தை இரண்டு தரம் அண்டாவைச் சுற்றி வந்தார்.

"அந்த நாயைப் பிடிச்சுட்டு வாங்க."

மாமா பிடித்துக்கொள்ள, அக்கா ஊற்றினாள். செவலை மஞ்சளாகி நின்றது. அதன் காது மடலில் ஒன்று ஊர்ந்தது. மாமா அதைப் பிடுங்கினார். இரண்டு கட்டைவிரல்களும் தாமாக நெருங்கின. பின்னாலிருந்து அத்தை மண்ணெண்ணெய்க் கொட்டாங்கச்சியை நீட்டினார்.

மாமா அதில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செத்துச்சா?" என்றார் அத்தை.

"என்னத்தைச் சொல்ல. சத்தமே வரலையே."