எண்ணூறுன்னு காட்டின வாட்ச்

திருத்தணியில கால்ஃப் ஆடற ஆளு ஒரே ஒருத்தரைக் காட்டுங்க, நான் மலையேறிப் போய் மொட்டை போட்டுக்கறேன். ஒருத்தரும் கிடையாது. ஆனா கால்ஃப் வாட்ச் ஒண்ணு இருந்துச்சு, என் கையில. எங்க அக்கா புருஷன், எங்க பாவா, வளைகுடா நாட்டுல ஒரு கால்ஃப் மைதானத்துல புல்லு வெட்டற வேலை பாக்கறாரு. அங்க ஆட வர்ற ஒரு பணக்காரர் புது வாட்ச் வாங்கினதும் பழசை இவருகிட்ட கொடுத்துட்டாராம். பாவா லீவுல வந்தப்ப அதை என் கையில கட்டிவிட்டு, "ஓடிப் பழகுறியேம்மா, இது தூரம் காட்டும், வச்சுக்கோ"ன்னாரு.

நான் அப்போ மத்தியப் படை காவலர் வேலைக்குப் பழகிகினு இருந்தேன். எழுத்துத் தேர்வு முடிஞ்சு மார்க் வந்துடுச்சு. அடுத்தது ஓட்டம். பொண்ணுங்க ஆயிரத்து அறுநூறு மீட்டரை எட்டரை நிமிஷத்துக்குள்ள ஓடி முடிக்கணும். ஒரு செகண்ட் தாண்டினாலும் மூட்டையைக் கட்டிகினு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வயசுக்கு எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. வீட்டுல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருந்தாங்க. "இந்த ஒரு தடவை விடு நைனா, வேலை வரலன்னா நீ சொல்ற ஆளுக்குக் கழுத்தை நீட்டறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்"னு நானே எங்க அப்பாகிட்ட வாக்குக் கொடுத்திருந்தேன். யாரும் கேக்கல, நானாதான் கொடுத்தேன். அவ்வளவு திமிரு எனக்கு, பாஸ் ஆயிடுவோம்னு.

என்கூட ஓடினவ பக்கத்துத் தெருப் பொண்ணு. ஒரே வகுப்புல படிச்சோம். அரக்கோணத்துல கோச்சிங்குக்கு ஒரே ரயில்ல போய் வந்தோம், ஒரே டிபன் டப்பாவுல சாப்பிட்டோம். அவ வீட்டு இட்லி, எங்க வீட்டுக் காரச் சட்னி. எழுத்துல அவளைவிட எனக்குப் பதினோரு மார்க் ஜாஸ்தி. ஓட்டத்துல தேறினவங்கள்ல மார்க் வரிசைப்படிதான் வேலை, எங்க பக்கத்துக்கு இருக்கற இடமும் கொஞ்சம்தான். மார்க் வந்த அன்னைக்கு என்னைக் கட்டிப் பிடிச்சிகினு, "நீ ஓட்டத்துல மட்டும் தேறிட்டன்னா உன்னை எவளும் அசைக்க முடியாதுடி"ன்னா. ரொம்ப சந்தோஷமாத்தான் சொன்னா.

வாட்ச் வந்த முதல் நாள் ஸ்கூல் கிரவுண்டுல நாலு சுத்து ஓடிட்டுப் பாக்கறேன், அஞ்சுன்னு காட்டுது. அஞ்சு! நாக்கு தள்ள ஓடினவளுக்கு அஞ்சு! அவ தரையில உக்காந்து சிரிச்சா. அப்புறம் நோண்டிப் பாத்ததுல விஷயம் புரிஞ்சுது. பந்தை அடிச்ச இடத்துல பட்டனை அமுக்கணும், பந்து விழுந்த இடத்துக்கு நடக்கணும், நடுவுல நேர்க்கோட்டுல எவ்வளவுன்னு அது சொல்லும். சுத்தி வந்து அமுக்கின இடத்துக்கே வந்து நின்னா அதுக்கு எல்லாம் ஒண்ணுதான். மத்த நேரத்துல மணி காட்டும், இல்லன்னா பக்கத்துல கால்ஃப் மைதானம் இருக்கான்னு தேடிகினே இருக்கும். தேடட்டும் பாவம்.

அதனால ஏரிக்கரை ரோட்டுக்குப் போனோம். கோணல் மாணல் இல்லாத நேர் ரோடு. ஒரு மைல்கல்லுகிட்ட பட்டனை அமுக்கிட்டு ரெண்டு பேரும் நடந்தோம். எண்ணூறுன்னு வந்த இடத்துல நின்னு, தார் ஓரத்துல சுண்ணாம்பால கோடு போட்டோம். போக எண்ணூறு, வர எண்ணூறு, ஆக ஆயிரத்து அறுநூறு. எவ்வளவு புத்திசாலிங்க பாருங்க! தினமும் விடியறப்ப அந்தக் கோட்டைத் தொட்டுட்டுத் திரும்பினோம். கிருத்திகை அன்னைக்கு மட்டும் காவடிக் கூட்டத்துல ரோடு கொள்ளாது, அன்னைக்கு லீவு.

ஒரு மாசம் கழிச்சு அவளுக்கும் ஒரு வாட்ச் வந்துச்சு. அவளை நிச்சயம் பண்ணியிருந்த அத்தை பையன் ராணுவத்துல இருந்தான், அவன் அனுப்பினது. கறுப்பா, தடியா, பாறையில அடிச்சாலும் உடையாத ஜாதி. ஓட்டம், நீச்சல், சைக்கிள், மலையேத்தம் எல்லாத்துக்கும் அதுல தனித்தனியா இருந்துச்சு. நெஞ்சு துடிக்கறது காட்டும், போன வழியை மேப்பாக் காட்டும். நாங்க படிக்கட்டு ஏறி மலைக்குப் போனப்ப எவ்வளவு உயரம் ஏறினோம்னு சொல்லிச்சு. என்னுது அங்கயும் கால்ஃப் மைதானம் தேடிச்சு. "உன்னுது மினுக்கிகினு திரியற மைனர், என்னுது மூட்டை தூக்கற ஆளு"ன்னு அவ கிண்டல் பண்ணா. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பொறாமைதான். வெளியில காட்டிக்கல.

ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, ஓடி முடிச்சு மூச்சு வாங்கிகினு இருக்கறப்ப அவ கையை எட்டிப் பாத்தேன். ஒண்ணு புள்ளி நாலு ஆறு கிலோமீட்டர்னு இருந்துச்சு. "இன்னாடி இது, ஒண்ணு புள்ளி ஆறுல்ல வரணும்?"னு கேட்டேன். அவளும் பாத்தா. "நாளைக்குச் சொல்றேன், அவர்கிட்ட கேக்கறேன்"னா.

மறுநாள் வந்து சொன்னா: "என்னுது காடு மலைன்னு பெரிய தூரத்துக்குப் பண்ணதாம்டி. சின்ன தூரத்துல முன்ன பின்ன காட்டுமாம். உன்னுது தூரம் அளக்கறதுக்குன்னே பண்ணது. கால்ஃபுக்காரன் ஒவ்வொரு அடியும் கணக்குப் பண்ணித்தான் பந்து அடிப்பானாம். உன்னுதுதான் கரெக்ட்."

நம்பினேன். ஏன் நம்பக் கூடாது? நியாயமாத்தானே இருக்கு பேச்சு! எனக்குப் பெருமை வேற. மைனர் வாட்ச் ஜெயிச்சுடுச்சுன்னு பாவாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அதுக்கப்புறம் நாலு மாசம் ஓடினோம். முதல்ல ஒன்பது நிமிஷம், அப்புறம் எட்டே முக்கால், கடைசி மாசம் எட்டு நிமிஷம் பத்து செகண்டுக்கு வந்துட்டேன். அவ எப்பவும் எனக்குப் பின்னால வருவா. நேரத்தைப் பாத்து, "எட்டு பத்துடி! இருபது செகண்ட் கையில வச்சிருக்க, அன்னைக்குக் கண்ணை மூடிகினு ஓடு"ன்னு கத்துவா. சாயந்தரம் வர்றியான்னு கேட்டா, தம்பிக்குப் பாடம் சொல்லித் தரணும்னு சொல்லிடுவா.

தேர்வு வெளியூர் மைதானத்துல. கண்ணை மூடிகினுதான் ஓடினேன். என் கால் ஏரிக்கரையில பழகின அதே வேகத்துல போச்சு, மூச்சும் அதே கணக்குல வந்துச்சு. முடிஞ்சிருக்கணும்னு உடம்பு சொல்ற நேரத்துல முடியல. இன்னும் பாதை இருந்துச்சு. காலு இரும்பாயிடுச்சு. கோட்டைத் தாண்டறப்ப எட்டு நிமிஷம் ஐம்பத்தோரு செகண்ட். ஒரு அம்மா என் நம்பரை அடிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. எப்பவும் என் பின்னால ஓடறவ, அன்னைக்கு எனக்கு ரொம்ப முன்னால போய் எட்டு இருபதுக்கு முடிச்சுட்டா.

பஸ்ஸுல என் தலையை அவ தோளுல சாய்ச்சுகினு வந்தா. "பயத்துல உடம்பு இறுகிப் போச்சுடி உனக்கு"ன்னா. நானும் அப்படித்தான் நெனச்சேன். என் உடம்பைத் திட்டினேன், என் நெஞ்சைத் திட்டினேன், கனகம்மாசத்திரம் வர்ற வரைக்கும் என்னையே திட்டிகினு வந்தேன். அவ என் முதுகைத் தடவிகினே இருந்தா. அந்தக் கையை நெனச்சா இப்பவும் உடம்பு கூசுது.

சில மாசம் கழிச்சு அவளுக்கு வேலை வந்துச்சு. எனக்கு நைனா மாப்பிள்ளை பாத்து முடிச்சுட்டாரு. அவ பயிற்சிக்குக் கிளம்பற அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து அந்தக் கறுப்பு வாட்சைக் கழட்டி என் கையில வச்சா. "அங்க இதெல்லாம் கட்ட விட மாட்டாங்களாம், நீ வச்சுக்கோ"ன்னு சொன்னா. என் மூஞ்சியைப் பாக்காம சொன்னா. நான் அழுது வழியனுப்பினேன்.

ரெண்டு நாள் கழிச்சு சும்மா அதை நோண்டினேன். பழைய ஓட்டமெல்லாம் தேதி வாரியா அப்படியே இருந்துச்சு. காலையில ஓடினதெல்லாம் ஒண்ணு புள்ளி நாலு ஆறு. சாயந்தரத்துலயும் ஓட்டம் இருந்துச்சு! தினமும்! எல்லாம் ஒண்ணு புள்ளி ஆறு. மேப்பைப் பெருசு பண்ணிப் பாத்தேன். அதே ஏரிக்கரை ரோடு. காலையில சுண்ணாம்புக் கோட்டுல திரும்பினவ, சாயந்தரம் கோட்டைத் தாண்டி மதகு வரைக்கும் போய்த் திரும்பியிருக்கா. முதல் சாயந்தர ஓட்டம் என்னைக்குன்னு பாத்தேன். "உன்னுதுதான் கரெக்ட்"னு சொன்ன அதே நாள்.

பாவாவுக்குப் போன் போட்டு வாட்ச் சங்கதி கேட்டேன். அவர் அங்க யாரையோ கேட்டுட்டு வந்து சொன்னாரு, "அது கெஜம்மா. இங்க மைதானத்துல எல்லாமே கெஜக் கணக்குதான், நான் சொல்லலியா?" கெஜம்! நகரி பக்கம் மனை விக்கறவங்க பேசற கெஜம். எண்ணூறு கெஜம்னா எழுநூத்து முப்பத்தோரு மீட்டர். போக வர நூத்து முப்பத்தேழு மீட்டர் குறைச்சலா அஞ்சு மாசம் ஓடியிருக்கேன். பாவா மேல கோவம் வரல. அந்த மனுஷனுக்குப் புல்லுதான் தெரியும். நானும் அந்த நம்பருக்குப் பக்கத்துல இருந்த எழுத்தை ஒரு நாளும் பாக்கல. தெரிஞ்சவ ஒருத்திதான்.

ஞாயித்துக்கிழமை அவளுக்குப் போன் பேச விடுவாங்க. அவளே கூப்பிட்டா. நான் எடுத்ததும், "வாட்சைப் பாத்தேன்"னேன். அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே கேட்டேன்.

"தெரியுமாடி உனக்கு?"

"ஆங்."

"எப்போல இருந்து?"

"நீ கேட்ட அன்னைக்கு சாயந்தரமே அவர்கிட்ட கேட்டுட்டேன். கெஜம்னு சொன்னாரு." அழ ஆரம்பிச்சா. "உனக்குப் பதினோரு மார்க் ஜாஸ்திடி. நீயும் தேறிட்டா எனக்கு எங்க கிடைக்கும்? தினமும் சொல்லிடலாம்னுதான் வருவேன். வாய் வரல. அதான் அழிக்காம வாட்சை உன்கிட்ட கொடுத்தேன். நீயே பாத்துப்பன்னு."

வாட்ச் சொல்லட்டும்னு விட்டுட்டுப் போயிருக்கா! பாவி. "எனக்கு வாட்ச் எதுக்குடி? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. கோட்டை அழிச்சுட்டு எழுபது மீட்டர் தள்ளிப் போட்டிருப்பேனே! என் முதுகைத் தடவினியே, அப்போ உனக்கு என்னடி தோணுச்சு?"ன்னு கத்தினேன். "மன்னிச்சுடு"ன்னா. முடியாதுன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். இன்னைக்கு வரைக்கும் அதுதான் என் பதில்.

மறுநாள் காலையில இருந்து ஏரிக்கரைக்குப் போனேன். கறுப்பு வாட்சைத்தான் கட்டிகினு போனேன், வேற வழி? மதகு வரைக்கும் ஓடித் திரும்பினேன். முதல் நாள் ஒன்பது நிமிஷத்துக்கு மேல. பல்லைக் கடிச்சிகினு தினமும் போனேன். இருபதாவது நாள் முடிச்சுட்டுப் பாத்தேன். ஒண்ணு புள்ளி ஆறு கிலோமீட்டர், எட்டு நிமிஷம் இருபத்தோரு செகண்ட். நம்பாம ரெண்டு தடவை படிச்சேன்.

வீட்டுக்கு வந்தா என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்திருந்துச்சு. அம்மா கூடத்துல உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் மஞ்சள் தடவிகினு இருந்தாங்க. வேர்த்து விட்டு நிக்கற என்னைப் பாத்து, "இனிமே எதுக்குடி ஓட்டம் உனக்கு?"ன்னாங்க.

"நான் பாஸாயிட்டேம்மா"ன்னேன். அங்கயே உக்காந்து ஓன்னு அழுதேன்.