முழுங்கிய வெள்ளைக் கல்

சலித்த மணலில் மிஞ்சும் கூழாங்கல்லுக்கு முதலில் ஒரு குளிர்ச்சி, பிறகு லேசான உப்பு, கடைசியில் நாக்கின் அடியில் பழைய சாவியின் துரு ருசி. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் என்னோடு அயனம்பாக்கத்தில் வளராதவர்கள்.

அந்தக் கோடை விடுமுறையில் ஏரி மதகின் சிமெண்டு மேடையில் கரிக்கோடு கிழித்து, நானே ஓர் ஆட்டத்தை உருவாக்கினேன். ஆளுக்கு ஆறு கல், எனக்கு வெள்ளை, எதிராளிக்குப் பழுப்பு. கோட்டு வழியே ஒரு கட்டம் நகர்த்தி, எதிராளியின் ஒரு கல்கூட அசைய முடியாதபடி அடைத்துவிட்டால் வெற்றி. பக்கத்து வீட்டுக் கோமதி நகராமலேயே உட்கார்ந்து என் உயிரை வாங்கியதால் "நவுந்தே ஆவணும்" என்று ஒரு சட்டம் சேர்த்தேன். அதுவும் போதாமல், தோற்றவனோடு அடுத்த ஆள் தோற்கும்வரை எல்லாரும் "கா" விட வேண்டும், அவன் பேசினாலும் யாருக்கும் காது கேட்கக் கூடாது என்றேன். அவளை ஊமையாக்கத்தான் இத்தனை மூளையும்.

ஒரு நாள் ஆட்டத்தில் அவள் கற்களைச் சுற்றி வேலி கட்டியும் விட்டேன், உள்ளே அவள் முன்னும் பின்னும் நகர ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம். அந்த வேலி அப்படியே நின்றால் நான் தோற்க மாட்டேன். நிற்கத்தான் என் சட்டம் விடவில்லை. எந்தக் கல்லைத் தொட்டாலும் அவள் வெளியே வந்து என்னை அடைத்துவிடுவாள்.

"நவுத்துடா, உன் சட்டம்தானே?" என்றாள் கோமதி.

கல் குறைந்தால் ஆட்டம் செல்லாது என்று சொல்லிவிடலாமென்று, அவள் ஏரிப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, மாவீரன் நான் ஒரு வெள்ளைக் கல்லை வாயில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாடா, கன்னம் உப்பிகினு கீது?" என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி சேகர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். கல் இறங்கிவிட்டது.

"முழுங்கிட்டேன்டா! செத்துடுவேனா?"

கோமதி நிதானமாக எண்ணினாள். "ஒண்ணு கம்மி. முழுங்குனவன் தோத்தவன்." பிறகு சேகரிடம், "யார் ஊட்டுப் பூனைடா கத்துது?"

"சேகர், வயிறு கனக்குதுடா!"

"ஆமா கோமு, பசிச்ச பூனை போல கீது."

அழுதுகொண்டே ஓடிய என் வாயில் அம்மா வாழைப்பழங்களைத் திணித்தாள். "சோத்துல ஒரு கல்லு கடிபட்டா தட்டத் தூக்கி அடிப்பே, இப்ப நீயா தின்னுகினு வந்துகீறியா?" கல் மறுநாளே போன சுவடு தெரியாமல் போய்விட்டது. ஆனால் அம்மா மதகுக்குப் போய் மிச்சக் கற்களையும் ஏரியில் விட்டெறிந்து, இனி கல்லைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். ஆட்டமே இல்லையென்றால் அடுத்துத் தோற்க ஆள் ஏது, என் "கா" தீர்வது எப்போது? பள்ளி திறந்ததும் சேகர் இளகினான். கோமதி இளகவில்லை, சட்டம் போட்டவனே மாற்றச் சொன்னால் எப்படி என்று அவனிடம்தான் கேட்டாள்.

இப்போது ஏரியைச் சுற்றி நடைபாதையும் கம்பி வேலியும் வந்துவிட்டன. அந்தச் சிமெண்டு மேடை இருந்த இடமே தெரியவில்லை. போன வாரம் வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு, முடிவு வருவதற்குள் பாதி உயிர் போன நிலையில், பழைய தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் "பயமா கீது, செத்துடுவேனா?" என்று எழுதினேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கோமதி எழுதினாள், எனக்கு அல்ல:

"டேய் சேகர், அந்தப் பூனை இன்னும் உயிரோட கீது போல."