ஏழெழுத்து மாப்பிள்ளை

துணியில எழுத்து வெட்டித் தைக்கிற தொழில்ல ஊசி குத்துறது பெரிசில்ல. பேரைச் சொன்னவுக மனசு மாறும் பாருங்க, அந்தக் குத்துதான் ஆறாது.

ஜாக்கெட்டு தச்சுக் கண்ணைக் கெடுத்துக்கிட்ட சகோதரிகளே, உங்களுக்குக் கை லூசு, கழுத்து டைட்டு, அதோட வம்பு முடிஞ்சுது. நான் சிவகாசியில பதினோரு வருசமா பேர்ப் போர்வை தைக்கேன். நைட்டி தைக்கிற இடத்துல மிஞ்சுற வெட்டுத்துணியை வாங்கி, துண்டுக்குத் துண்டு இணைச்சு ஒரு எழுத்து உண்டாக்கணும். எழுத்தைச் சேர்த்துப் பேரு. அதைப் போர்வையோட மேல்துணியில வச்சுத் தச்சு, உள்ள பஞ்சு, அடியில இன்னொரு துணி. கல்யாணச் சீர்ல கட்டில் மெத்தை மேல, பொண்ணு மாப்பிள்ளை பேரோட இதை விரிச்சு வச்சுப் போட்டோ எடுக்கது இப்ப எங்க பக்கம் ஒரு பேஷன். அப்படி ஒரு போர்வையால நான் பட்ட பாடுதான் இது.

புள்ளி

ஏழாயிரம்பண்ணையில பட்டாசுக் கம்பெனி வச்சிருக்க மொதலாளியம்மா கார்ல வந்து இறங்குனாக. ஒரே மக யாழினி. மாப்பிள்ளை கார்த்திகேயன், வெளியூர்ல மில்லு வச்சிருக்க குடும்பம். கல்யாணத்துக்கு நாப்பது நாள் இருந்துச்சு. பொண்ணு பேர் மூணே எழுத்து, புள்ளியே கிடையாது, தங்கமான பேரு. மாப்பிள்ளை பேர் ஏழெழுத்து, அதுல மூணு புள்ளி.

புள்ளின்னா லேசா நினைக்காதீக. காசு அகலத்துக்குத் துணியை வட்டமா வெட்டி, ஓரம் பூரா உள்ள மடக்கி, பிசிறு தெரியாமத் தைக்கணும். கொஞ்சம் அசந்தா வட்டம் கொழுக்கட்டை ஆயிரும். சுருக்கமா கார்த்திக்னு போட்டுருவமான்னு கேட்டேன். அப்புறம் விரல் விட்டு எண்ணிப் பாத்தா, பாவி, அதுலயும் மூணு புள்ளி. அந்தம்மாவுக்கு முகம் மாறிப் போச்சு.

"மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது பேச்சி. புள்ளியை வேணா எங்க பிள்ள பேர்ல குறைச்சுக்கோ."

ளானா

எங்க ஊர்ல வாயில பளம், கோளி, மளை எல்லாம் உண்டு; ழானாதான் கிடையாது. இதை எழுதுறப்பவும் ஒவ்வொரு ழானாவையும் பாத்துப் பாத்துத்தான் எழுதுறேன். அந்தம்மா "யாளினி"ன்னு சொன்னாக, நானும் காதுல விழுந்தபடி ளி வெட்டித் தச்சுட்டேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அந்தப் பிள்ளையே போர்வையைப் பாக்க வந்துச்சு. காலண்டர் அச்சடிக்கிற ஆபீஸ்ல பிழை திருத்துற வேலையாம். விரிச்சுக் காட்டுனேன். என் மேசையில கிடந்த சாக்குக்கட்டியை எடுத்து ளி-யைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, ஓரத்துல ழி-ன்னு எழுதுச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. மாத்தித் தாரேன் தாயின்னேன்.

அதுக்குக் கோவமெல்லாம் இல்ல, மனசுல வேற கிடந்திருக்கு. கல்யாணம் ஆனா வேலையை விட்டுரணும்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாகளாம். இதுக்கு வேலையை விட மனசில்ல. அம்மாகிட்டச் சொன்னா, பட்டாசு சீசன் நேரத்துல இதையெல்லாம் பேசாதன்னு வாயை அடைச்சுட்டாகளாம்.

"மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலயும் ளானாதான்க்கா போட்டிருந்தாக. திருத்தி அனுப்புனேன். பொண்ணு ரொம்பப் படிச்சுட்டாளோன்னு மாப்பிள்ளை வருத்தப்பட்டாராம்."

பிரிச்சது

பத்து நாள் இருக்கையில கல்யாணம் நின்னுபோச்சு. வேலையை விட மாட்டேன்னு பிள்ளையே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிருச்சு. அவரும் அப்பச் சரி வராதுன்னுட்டாரு. ஊருக்கு மொதலாளியம்மா சொன்னது, ஜாதகத்துல ஏதோ இடிக்குதுன்னு.

போர்வை திரும்பி என் கடைக்கே வந்துச்சு. மாப்பிள்ளை பேரை மட்டும் எடுக்கணுமாம். பிளேடை வச்சு ஒவ்வொரு தையலா அறுத்தேன், மூணு நாள். நான் உசிரைக் குடுத்துத் தச்ச புள்ளி மூணும் போவேனான்னுச்சு. எல்லாம் எடுத்த பொறகு பாத்தா, மெரூன் துணியில ஊசித்தடம் மட்டும் பொடிப்பொடியா நின்னு, கார்த்திகேயன்னு தெளிவா வாசிக்க முடியுது. ஈரத்துணி வச்சுத் தேச்சா நூல் கூடிக்கும், தடம் போயிரும்மான்னு சொன்னேன். அந்தம்மா அந்தத் தடத்தை விரலால தடவிப் பாத்தாக.

"இருக்கட்டும், தேய்க்காத. அடுத்த மாப்பிள்ளை பேரை அது மேலயே வச்சு மறைச்சுரலாம்."

தரகர்

நாலாம் நாள் கல்யாணத் தரகர் ஒருத்தர், மடியில ஜாதகக் கட்டோட கடைக்கு வந்தாரு. இடம் எம்புட்டு இருக்குன்னு அளந்து பாக்கணுமாம். நான் டேப்பை எடுத்துக் குடுத்தேன். மணிகண்டன்னு ஒரு வரன், ஆறெழுத்து. ஒரு எழுத்துத் தடம் வெளிய தெரியும். ராஜான்னு ஒண்ணு, அதுல பாதிப் பேரைக்கூட மறைக்க முடியாது. முத எழுத்து கா-வா இருந்தா நல்லதுன்னு அம்மா சொல்லிட்டாகளாம். கட்டைப் புரட்டிப் புரட்டிக் கடைசியில ஒரு ஜாதகத்தை உருவுனாரு. கார்த்திகைவேல். கா, ர், த், தி அப்படியே இருக்கு, எண்ணிப் பாத்தா ஏழெழுத்து, புள்ளியும் மூணு. மனுசனுக்கு முகமெல்லாம் பல்லு. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அந்தப் பிள்ளையை நினைச்சா வயித்தெரிச்சல் ஒரு பக்கம். அந்த மாப்பிள்ளை பொண்ணை வேலைக்கு அனுப்புவாரான்னு கேட்டேன். அனுப்ப மாட்டாருன்னு சர்வ சாதாரணமாச் சொல்லிட்டு, டேப்பைச் சுருட்டுனாரு.

"நட்சத்திரம் பாத்திருக்கேன், சொத்து பாத்திருக்கேன். இஞ்சு டேப்பு வச்சு மாப்பிள்ளை பாக்கது இதுதாம்மா முதத் தடவை."

காலி இடம்

ஞாயித்துக்கிழமை கார்த்திகைவேல் வீட்டுல பொண்ணு பாக்க வாராக. அதுக்குள்ள பேரைத் தச்சு முடிக்கணும்னு மொதலாளியம்மா போன் போட்டாக. பழைய எழுத்து நாலு டப்பாவுலயே இருந்துச்சு. மிச்சம் மூணையும் வெட்டி வச்சேன். சனிக்கிழமை மத்தியானம் யாழினி வந்து மேசை மேல கிடந்த எழுத்தை வாசிச்சுட்டு, அப்படியே உக்காந்துருச்சு. இவரையும் வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லிருச்சாம். வந்து பாத்துட்டுப் போகட்டும், பொறகு பேசலாம்னாகளாம். பாத்துட்டுப் போன பொறகு நம்ம ஊர்ல யாரு பேச விட்டிருக்கா?

தைக்காதீகன்னு அது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நான் வேற ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அந்தம்மா கோவிச்சுக்கிட்டா அந்த வட்டாரத்துக் கல்யாணம் ஒண்ணுகூட என் கடைப்பக்கம் வராது, எனக்கு அது நல்லாத் தெரியும். பயமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் கை கேக்கல. ஒரு வாளியில தண்ணி எடுத்து வச்சேன். ஆளுக்கொரு ஈரத்துணியை எடுத்து, அது கா பக்கம் இருந்தும் நான் ன் பக்கம் இருந்தும் தேச்சுக்கிட்டே வந்தோம். நகத்தால நீவ நீவ ஒவ்வொரு தடமா மூடிக்கிருச்சு. முடிக்கவும் மொதலாளியம்மா கார் வந்து நிக்கவும் சரியா இருந்துச்சு. ஈரத்தோட கிடந்த போர்வையைப் பாத்துட்டு, பேர் எங்கன்னு என்னைத்தான் கேட்டாக. பதில் சொன்னது பிள்ளைதான், குரலை ஒசத்தாம.

"அங்கன யார் பேரும் வேண்டாம்மா. நான் நல்லாக் காலை நீட்டிப் படுத்துக்கிடுதேன்."

பதினோரு வருசத்துல எத்தனையோ பேர் தச்சிருக்கேன் தாயிகளா, என் கை பட்டதுல பிழையே இல்லாம வந்தது நான் ஒண்ணும் தைக்காம விட்ட அந்த அரைப் போர்வைதான்.