கதை மேடு, செய்தி மேடு, ம் மேடு

மழை பிடித்துக்கொண்டால் ஊரில் மற்றவர்கள் சைக்கிளை ஓரம் கட்டுவார்கள். மேட்டுக்காரம்மா அப்போதுதான் தன் சைக்கிளை வெளியே எடுப்பார். "வெயில்ல எல்லா ரோடும் நல்ல ரோடுதான். மழையில போய்ப் பாத்தாத்தான் அதோட குணம் தெரியும்" என்பார். எந்த வளைவில் தண்ணீர் குறுக்கே பாய்கிறது, எங்கே சரளை சறுக்குகிறது, எந்த மரப்பாலம் வழுக்குகிறது என்று நின்று நின்று குறித்துக்கொள்வார். நோட்டு பிளாஸ்டிக் உறைக்குள் கழுத்தில் தொங்கும். எழுதுவது பென்சிலில்தான். பேனாவை அவர் நம்புவதில்லை. நாலு துளி பட்டாலே அழுதுவிடும் என்பார்.

வயது ஐம்பத்தாறு. மலையடிவாரத்தில் இருக்கும் சுற்றுலா அலுவலகத்தில் சன்னலோரத்து மேசை அவருடையது. சைக்கிளின் இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு, நாலைந்து நாள் மேட்டுநிலத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி வருகிறவர்களுக்கு வழி அட்டை எழுதிக் கொடுப்பது வேலை. மடித்தால் சட்டைப்பையில் அடங்கும் அட்டை. இதுவரை பதினோரு வழிகள் எழுதியாகிவிட்டது. "பச்சை கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பவும். நாய் குரைக்கும், வராது. அடுத்த வீட்டு நாய் குரைக்காது, வரும்" என்று அவர் எழுதிய அட்டையை வருகிறவர்கள் ஊருக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கிறார்கள்.

புது ஊருக்குப் போனால் வழி கேட்கமாட்டார். வழி கேட்டால் எல்லோரும் நல்ல பிள்ளையாக நேரே போ, வலது பக்கம் போ என்று சொல்லிவிடுவார்கள்; அதில் ஒரு பிரயோஜனமும் இல்லையாம். பால்காரரையோ தபால்காரரையோ நிறுத்தி, "நீங்க எந்த இடத்துல சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுவீங்க?" என்று கேட்பார். முதலில் முறைப்பார்கள். "நானா? நான் எங்கயும் இறங்கமாட்டேன்" என்பார்கள். மேட்டுக்காரம்மா பேசாமல் நின்றுகொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் உண்மை வந்துவிடும்.

ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இதெல்லாம் இல்லை. மேடுகளை அவர் அளக்கிற அளவுதான். எத்தனை மீட்டர் உயரம், எத்தனை சதவீதச் சரிவு என்றெல்லாம் அவருடைய அட்டையில் இருக்காது. கதை மேடு, செய்தி மேடு, ம் மேடு. மூன்றே மூன்று. அளக்கிற கருவி அவருடைய வீட்டுக்காரர்.

அவர் முடிதிருத்துபவர். வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு நாற்காலி போட்ட கடை. கத்தரியும் வாயும் ஒரே நேரத்தில் ஓடும். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. வாரத்தில் கடைக்கு விடுமுறையான வியாழக்கிழமை மனைவிக்குப் பின்னால் சைக்கிளில் கிளம்பிவிடுவார். வெளியூர்க்காரர்கள் சுமக்கிற பாரம் தனக்கும் இருக்கவேண்டும் என்று, கடையில் சேர்ந்துபோன பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகத் தன் பைகளில் அடைத்துக்கொள்வார். ஏறும்போது அவர் முழுக்கதையையும் சொல்லி முடித்தால் அது கதை மேடு. குழந்தை குட்டியோடு போகலாம். "அவன் வந்தான்... இவன் போனான்..." என்று தலைப்பு மட்டும் வந்தால் செய்தி மேடு. கேட்டதற்கெல்லாம் "ம்" என்று மட்டும் வந்தால் அது ம் மேடு; கால் பழகியவர்கள் மட்டும் வரலாம். அப்போதெல்லாம் மேட்டுக்காரம்மா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். காது கொடுத்துக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருப்பார்.

ஏன், அவருக்கே கால் இல்லையா என்று கேட்டால் அதற்கு ஒரு கடிதத்தைக் காட்டுவார். மேசைக்கு எதிர்ச்சுவரில், நிமிர்ந்தால் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டியிருக்கிறது. ஒரு தடவை கணவருக்குக் காய்ச்சல். தானே ஏறிப் பார்த்து, தனக்கு மூச்சு வாங்கவில்லை என்பதால் கதை மேடு என்று எழுதிவிட்டார். அதை நம்பிப் போன வயதான தம்பதி, நாலு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்திருக்கிறார்கள். "அம்மா, கதை சொல்ல எங்களுக்குத் தெம்பில்லை. ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டுதான் ஏறினோம்" என்று எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து தன் காலைச் சாட்சிக்கு அழைப்பதில்லை. "என் காலு கெட்டுப்போன காலு. அதுக்கு மேடு பள்ளம் தெரியாது" என்பார், கொஞ்சம் பெருமையாகத்தான்.

இந்த வருடம் எழுதிக்கொண்டிருப்பது பன்னிரண்டாவது வழி. நீர்த்தேக்கத்தைச் சுற்றி, மேட்டுநிலத்தின் முதுகின்மேலேயே போகிற வழி. எழுதியதிலேயே இதுதான் அழகு என்று அவரே ஒத்துக்கொள்கிறார். பதினோரு அட்டைகளுக்கும் இப்படி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எல்லாம் முடிந்து, நீர்த்தேக்கத்துக்கு ஏறுகிற ஐந்து கிலோமீட்டர் மட்டும் அளக்காமல் பாக்கி. வெள்ளிக்கிழமை காலை அட்டை அச்சுக்குப் போகவேண்டும். வியாழக்கிழமை ஏறலாம் என்று இருந்தார்கள்.

புதன்கிழமை கடையில் ஒரு வாடிக்கையாளர் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் தன் கைவசமிருக்கும் கதைகளில் தலையாயதை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியிலேயே தூங்கிப்போன ஒருவரை எழுப்ப மனசில்லாமல், கடையைப் பூட்டிவிட்டு இவர் சாப்பிடப் போன கதை. திரும்பி வந்து பூட்டைத் திறக்கிற இடம் வந்துவிட்டது. "கதவைத் தள்ளுறேன்... உள்ள கத்தரி சத்தம் கேக்குது..." என்று நிறுத்தினார். அந்த நிறுத்தத்துக்காகத்தான் கதையே.

டார்ச் தேடிக் கீழே வந்த மேட்டுக்காரம்மா, "தூங்கினவரு பின்வாசல் வழியா வந்த ஆளுக்கு முடி வெட்டிக்கிட்டு இருந்தாரு. இதைத்தானே நூறு தடவை சொல்லியாச்சு?" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

வாடிக்கையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். கதை சொன்னவருக்கு வரவேண்டிய அந்தச் சிரிப்பு மேட்டுக்காரம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "நாளைக்குக் காலு வரும். வாய் வராது."

சொன்ன சொல் தவறாத மனிதர். காலையில் பத்திரிகைக் கட்டுகளைப் பையில் அடைத்தார், டயரில் காற்று பார்த்தார், மனைவியின் பிரேக்கையும் அழுத்திப் பார்த்தார். முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அடிவாரத்துக் குடிநீர்க் குழாயிலிருந்து ஏற ஆரம்பித்தார்கள். முதல் கிலோமீட்டரில் சங்கிலி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. போகட்டும், எத்தனை நேரத்துக்கு என்று மேட்டுக்காரம்மா மிதித்தார்.

இரண்டாவது கிலோமீட்டரில் தூண்டில் போட்டுப் பார்த்தார். "நம்ம கடையில சிவப்பு நாற்காலி வாங்கினது உங்க தங்கச்சி கல்யாணத்தப்பதானே?" தங்கை கல்யாணத்துக்கும் நாற்காலிக்கும் ஆறு வருட இடைவெளி. தப்புத் தகவலைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஆகாது. பின்னால் ஏதோ தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

வளைவு திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. மேட்டுக்காரம்மா பதினோரு வழிகளிலும் செய்யாத காரியத்தைச் செய்தார், திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரரின் முகம் சிவந்திருந்தது. அது கோபமா, ஏற்றமா? மேட்டுக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வருடம் குடும்பம் நடத்தியும் தெரியவில்லை என்பதுதான் அவருக்குப் பகீரென்றது. ம் மேடு என்று எழுதினால் இந்த அழகான வழிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். கதை மேடு என்று எழுதி அது பொய்யாகிவிட்டால், பையும் குழந்தையுமாக வருகிற யாராவது இந்தக் காற்றில், இன்னும் மூன்று கிலோமீட்டருக்குக் குழாய்கூட இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். எதிர்ச்சுவரில் இன்னொரு கடிதம் ஒட்ட வேண்டியதுதான்.

பாதி மேட்டில் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினார். பின்னால் வந்தவரும் நின்றார்.

"ஏங்க."

வீட்டுக்காரர் குனிந்து பத்திரிகைக் கட்டைச் சரிசெய்தார்.

"நேத்து நான் செஞ்சது தப்பு. கதை உங்களோடது. முடிவும் உங்களோடதுதான். ஒரு ஆளு முன்னாடி அதைப் பிடுங்கிட்டேன்." மேட்டுக்காரம்மா கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். சரிவில் பாரவண்டி ஏறுகிற மாதிரித்தான் வந்தது. "நீங்க பேசாம வந்தா எனக்கு ரோடே தெரியல. அட்டைக்காக மட்டும் சொல்லலை. எனக்கே தெரியல."

வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். பாதியைக் குடித்தார். மீதியை மனைவியிடம் நீட்டினார்.

"இப்ப உங்களுக்கு மூச்சு வாங்குதா, கோவமா?" என்று மேட்டுக்காரம்மா கேட்டார்.

"ரெண்டும்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எது எவ்வளவுன்னு எனக்கே தெரியல" என்றார்.

"அப்ப இந்த ரெண்டரை கிலோமீட்டர் கணக்குல வராது."

"எப்படி வரும்? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறினா எந்த மேடும் மேடுதான்."

"விடுங்க. நாளைக்கு அட்டை போகலேன்னா போகுது. அச்சகத்துக்கு நானே சொல்லிக்கிறேன். வாங்க, மெதுவா மேல போய்த் தண்ணியைப் பாத்துட்டு வரலாம்."

வீட்டுக்காரர் மேலேயும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. பாட்டிலை மூடி அதன் இடத்தில் வைத்தார். கனத்த பைகளோடு சைக்கிளைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கி, முன்சக்கரத்தை அடிவாரத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார். "குழாய்கிட்டேருந்து மறுபடி ஏறுவோம், வாயோட" என்றார்.